அனுபவமே கூலியாம்!

சென்ற மாதம் குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை வழிகாட்டிக் கூட்டம் ஒன்று நடந்தது. பிளஸ் டூ முடித்தவர்கள், காலேஜ் முடித்தவர்கள் என்று மண்டபம் நிறைய பிள்ளைகள். வாசலில் நோட்டீஸ் கொடுக்கப் போயிருந்த நானும் கடைசி வரிசையில் நின்று கேட்டேன்.

விளம்பரத் துறையிலிருந்து வந்திருந்த ஒரு கனவான் பேசினார். எழுத்து, ஓவியம், விளம்பரம், வீடியோ ஆகியவையெல்லாம் ஆர்வம் உள்ளவர்களின் துறை என்றார். முதல் ஒரு வருஷம் காசைப் பற்றிக் கேட்கவே கூடாது என்றார். அனுபவம்தான் உங்கள் சம்பளம், பணம் பின்னால் தானாக வரும் என்றார். பலத்த கைதட்டல்.

எனக்கு முன்னால் முடிச்சூரிலிருந்து வந்த ஒரு தாயார் உட்கார்ந்திருந்தார். அவர் தன் மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு வருஷத்துக்கு வீட்டு வாடகையை யாருடா கட்டுவாங்க?"

கனவானின் காதில் அந்தக் கேள்வி விழவில்லை. விழுந்திருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது. அந்தத் தாயாரின் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு மாதக் கதை

நமது ஆட்டோ யூனியன் தோழர் ஒருவரின் மகள் பெருங்களத்தூரில் இருக்கிறாள். காட்சித் தொடர்பியல் படித்துப் பட்டம் பெற்றவள். நல்ல தமிழ் எழுதுவாள். விளம்பர வாசகம் எழுதும் வேலைக்கு, அதாவது 'காப்பி' எழுதும் வேலைக்கு, மனுப் போட்டாள்.

முதலில் ஓரிடத்தில் 'டெஸ்ட்' வைத்தார்கள். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்குப் பத்து வாசகங்கள், மூன்று ரேடியோ விளம்பரங்கள். இரண்டு நாள் கெடு. இரவெல்லாம் கண் விழித்து எழுதி அனுப்பினாள். பதிலே இல்லை. ஆடி மாதம் வந்தது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு பஸ்ஸின் முதுகில் தன் வாசகத்தைத் தானே படித்தாள்! வேலை கிடைக்கவில்லை, வாசகம் மட்டும் ஊரைச் சுற்றி வந்தது.

அடுத்து இன்னொரு கம்பெனி. ஆறு மாதம் 'இன்டர்ன்ஷிப்'. சம்பளம் கிடையாது, முடிவில் சர்ட்டிபிகேட் உண்டு. காலை மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் போவாள். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புவாள். அவள் அங்கே வேடிக்கையா பார்த்துக் கொண்டிருந்தாள்? பம்பாயிலிருந்து இந்தியில் வரும் சோப்பு விளம்பரத்தையும் பிஸ்கட் விளம்பரத்தையும் தமிழாக்கினாள். இது லேசான காரியமல்ல. இந்தியில் சுருக்கமாக முடிவது தமிழில் நீண்டுவிடும். நடிகையின் வாயசைவுக்கும் பொருந்த வேண்டும். முப்பது விநாடிக்குள்ளும் அடங்க வேண்டும். ஆறு மாதக் குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் புரிய வேண்டும். ஒரு வாசகத்துக்கு எட்டு முறை அடித்து எழுதினாள். கம்பெனி அந்தத் தமிழாக்கத்துக்குத் தன் வாடிக்கையாளரிடம் தனியாகப் பில் போட்டது. பில்லை டைப் செய்யும் வேலையும் அவளுக்கே தரப்பட்டதால் தொகை எவ்வளவு என்றும் அவளுக்குத் தெரிந்தது.

ஆறு மாதம் முடிந்தது. சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். மறுநாள் அதே நாற்காலியில் இன்னொரு 'இன்டர்ன்' வந்து உட்கார்ந்தான். 'காப்பி' எழுதப் போன பெண்ணுக்கு ஆறு மாதத்தில் ஒரு வேளைக் காப்பிக்குக்கூடக் காசு கிடைக்கவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதையா? சேலையூரிலும் சிட்லப்பாக்கத்திலும் பம்மலிலும் விசாரித்துப் பாருங்கள். டிசைன் போடுபவன், வீடியோ வெட்டி ஒட்டுபவன், குரல் கொடுப்பவள், பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று போர்டு போட்ட இடங்களில் நாளெல்லாம் எழுதுபவர்கள் ஆகிய எல்லோரிடமும் இந்தக் கதையின் ஏதோ ஒரு பக்கம் இருக்கிறது.

கனவான்களின் மூன்று வாதங்கள்

முதல் வாதம்: "நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம்; அதற்கே நீங்கள் பணம் கட்ட வேண்டும்."

அப்படியா? கற்றுக் கொடுப்பவர் யார்? பக்கத்து நாற்காலியில் இருக்கும் மற்றொரு சம்பளக்காரர். தன் வேலைக்கு நடுவில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அவர்தான் திருத்திக் கொடுக்கிறார். முதலாளி அல்ல! மேலும், எந்தத் தொழிலில் புதியவன் கற்றுக்கொள்ளாமல் வேலை செய்கிறான்? லேத் பட்டறையில் சேரும் பையனும் கற்கிறான். ஆஸ்பத்திரியில் சேரும் நர்ஸும் கற்கிறாள். கற்பவன் செய்த பொருளை விற்றுக் காசாக்கினால், அந்தக் காசில் அவனுக்குப் பங்கு உண்டு. விற்காத பயிற்சி பயிற்சி. விற்ற பயிற்சி உழைப்பு. இவ்வளவுதான் விஷயம்.

இரண்டாம் வாதம்: "எங்களிடம் இருந்தால் நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரியும்."

விளம்பரத்தில் யார் பெயர் வருகிறது? சோப்பின் பெயர் வருகிறது, நடிகையின் முகம் வருகிறது. எழுதியவன் பெயர் எங்கே வருகிறது? தெரியாத பெயரைத் தெரியவைப்பதாகச் சொல்லிக் கூலியை மறுப்பது மோசடி.

மூன்றாம் வாதம்தான் மிகவும் தந்திரமானது: "இது கலை. ஆர்வம் உள்ளவன் காசு கேட்க மாட்டான்."

ஆர்வத்தைக் கடைக்காரன் அரிசிக்குப் பதிலாக வாங்கிக்கொள்வானா? கலைஞனுக்கு வயிறு இல்லையா? ஒரு பள்ளிக்கூடத்தை லாபத்துக்காக நடத்தும் முதலாளியிடம் பாடம் சொல்லும் வாத்தியாரும், ஆலையில் உழைப்பவனைப் போலவே முதலாளிக்கு உபரி மதிப்பை உண்டாக்குகிறான் என்று மார்க்ஸ் 'மூலதன'த்தில் விளக்கியிருக்கிறார். வாத்தியாருக்குப் பொருந்துவது வாசகம் எழுதுபவனுக்கும் பொருந்தும். அவன் உழைப்பில் கற்பனை கலந்திருக்கிறது என்பதால் சுரண்டல் கலை ஆகிவிடாது.

அன்று எப்படி இருந்தது?

"இந்தத் துறையில் ஆரம்பம் எப்போதுமே இப்படித்தான்" என்கிறார்கள். சரித்திரத்தைப் பார்ப்போம்.

1943-ஆம் வருஷம். கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனி. அதில் ஒரு வங்காளி வாலிபர் ஜூனியர் ஓவியராகச் சேருகிறார். மாதம் 80 ரூபாய் சம்பளம். அவர்தான் பின்னாளில் உலகம் புகழ்ந்த சத்யஜித் ரே. அந்தக் கம்பெனியில் வெள்ளைக்காரர்களுக்கு அதிகச் சம்பளம், இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற பாகுபாடு இருந்தது. ஆனால் யுத்தமும் பஞ்சமும் தலைவிரித்தாடிய அந்த நாளில், அந்நிய முதலாளிகூட முதல் நாள் சேர்ந்தவனுக்கு 'அனுபவம்தான் சம்பளம்' என்று சொல்லவில்லை. சுதந்திர இந்தியாவின் சுதேசி முதலாளி சொல்கிறான்!

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் விந்தன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர். கோர்த்த எழுத்துக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலி சோறு போட்டது. அந்தச் சோற்றில் அவர் எழுத்தாளர் ஆனார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஜெயகாந்தன் கட்சி அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை எழுத்துலகத்துக்குள் வர முடிந்த வழி அது. உள்ளே வரும்போதே கையில் ஏதோ காசு கிடைத்த வழி.

இன்று அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் சம்பளமில்லாமல் இருக்க யாரால் முடியும்? போட் கிளப்பில் பங்களா வைத்திருப்பவன் பிள்ளையால் முடியும். பெருங்களத்தூர் ஆட்டோ டிரைவர் மகளால் முடியாது. அனகாபுத்தூர் நெசவாளி மகனால் முடியாது. ஆக, 'சம்பளமில்லாப் பயிற்சி' என்பது வாசலில் நிற்கும் காவல்காரன். உள்ளே வருபவனின் தமிழை அவன் சோதிப்பதில்லை. அப்பனின் பாங்குக் கணக்கைச் சோதிக்கிறான். தமிழ் விளம்பரங்களில் தமிழ் ஏன் இப்படி நொண்டுகிறது என்று கேட்கிறார்களே, அதற்கு இது ஒரு காரணம்.

கணக்கைப் பாருங்கள்

அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. 2019-ஆம் வருஷத் திருத்த விதிகளின்படி பட்டம் பெற்ற அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இதை 12,300 ஆக உயர்த்தச் சிபாரிசு செய்தது. 9,000 என்பதே சொற்பம். அதையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

நம் தோழரின் மகளுக்கு ஆறு மாதத்தில் வரவேண்டியது 54,000 ரூபாய். ஒரு கம்பெனியில் ஐந்து நாற்காலிகளில் வருஷம் முழுவதும் மாற்றி மாற்றி 'இன்டர்ன்'களை உட்கார வைத்தால் கம்பெனிக்கு மிச்சம் 5,40,000 ரூபாய். இது யார் பணம்? சீசன் டிக்கெட்டுக்கு அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்த பிள்ளைகளின் பணம்! முதலாளி பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை; பிள்ளைகளின் பெற்றோர்தான் முதலாளிக்கு மானியம் கொடுக்கிறார்கள்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் விதி. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் விதி. இதைத் தட்டிக் கழிக்கத்தான் 'இன்டர்ன்' என்ற புதுப் பெயர். பெயரை மாற்றினால் பாவம் போய்விடுமா?

சர்க்கார் யார் பக்கம்?

மத்திய சர்க்கார் 2024-இல் பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபர்களுக்கு, நாட்டின் 500 பெரிய கம்பெனிகளில் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதில் 4,500 ரூபாய் சர்க்கார் கஜானாவிலிருந்து. கம்பெனி தருவது 500 ரூபாய். அந்த 500-உம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து! நாட்டிலேயே பெரிய 500 முதலாளிகளிடம் ஒரு பையனுக்கு மாதம் ஐயாயிரம் கொடுக்க வசதியில்லை என்று சர்க்கார் கண்டுபிடித்திருக்கிறது. என்ன கருணை!

சட்டத்தின் நிலைமை என்ன? 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. நிருபர், உதவி ஆசிரியர், கார்ட்டூன் ஓவியர், போட்டோக்காரர், புரூப் திருத்துபவர் ஆகிய எல்லோரும் அதற்குள் வந்தார்கள். சம்பள போர்டுகள் வந்தன. கடைசியாக வந்த மஜீதியா போர்டின் சம்பள விகிதத்தை 2011 நவம்பரில் அறிவித்தபோது பத்திரிகை முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. எழுதுபவனும் தொழிலாளிதான் என்று போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அதே பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் வரும் விளம்பரத்தை எழுதியவனுக்கு அந்தச் சட்டம் இல்லை.

2001-இல் போபால் பாரத் பவன் நாடகக் கலைஞர்கள் வழக்கில், படைப்புத் திறமை சார்ந்த கலைஞர்கள் தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளி' ஆக மாட்டார்கள் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இது போதாதென்று 2025 நவம்பர் 21 அன்று மோடி சர்க்கார் நான்கு சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 1955-ஆம் வருஷச் சட்டமும் அதில் கரைந்து போயிற்று. இத்தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, எதிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் கையில் கிடைக்கும் கம்பை விடக்கூடாது. குறைந்தபட்சக் கூலி எல்லா ஊழியருக்கும் உண்டு என்று கூலிச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. அப்ரண்டிஸ் சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு மட்டுமே விலக்கு. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாத 'இன்டர்ன்' அப்ரண்டிஸ் ஆவது எப்படி? அவள் ஊழியர்தான் என்று லேபர் ஆபீசில் வாதாட வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. வறுமையின் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்றது. கல் சுமந்தவனுக்குச் சொன்ன நியாயம் சொல் சுமப்பவளுக்கும் பொருந்தும்.

இயந்திரமும் ஏகபோகமும்

"அதிகம் பேசினால் இனி நீயே வேண்டாம், இயந்திரமே எழுதும்" என்று இப்போது பயமுறுத்துகிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த மிரட்டல் தினசரிப் பேச்சாகிவிட்டது.

இந்த மிரட்டலுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்? 2025 நவம்பரில் ஆம்னிகாம் என்ற அமெரிக்க விளம்பர ஏகபோகம் இன்டர்பப்ளிக் என்ற மற்றொரு ஏகபோகத்தை விழுங்கியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை; சுமார் 4,000 பேருக்கு வேலை இல்லை என்று அறிவித்தது. டி.டி.பி., எஃப்.சி.பி., முல்லன்லோ என்ற மூன்று பழைய பெயர்களையும் ஓரங்கட்டியது. பம்பாயிலும் டில்லியிலும் இவற்றின் கிளைகள் உண்டு. நுங்கம்பாக்கத்துச் சின்னக் கம்பெனி அந்தக் கிளைகளின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. மேலே அழுத்தம் ஏற ஏற, கீழே இருக்கும் 'இன்டர்ன்' மேல் பாரம் விழுகிறது.

இயந்திரத்தை நாம் உடைக்கச் சொல்லவில்லை. அது யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறோம். நூற்றுக்கணக்கான வருஷமாக மனிதர்கள் எழுதியதைத் தின்றுதான் அந்த இயந்திரம் எழுதக் கற்றது. எழுதியவனுக்குக் கூலி தராமல் கற்ற இயந்திரத்தைக் காட்டி, எழுதப் போகிறவனுக்கும் கூலி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்குப் பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள், ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 11,500 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரத்தை எழுத்தாளராகக் கணக்கில் காட்டக்கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். கலைஞர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நம் குறையையும் சொல்வோம்

சென்னையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. படப்பிடிப்பாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனும் கோடம்பாக்கத்தில் சினிமாத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டுவதில் முன்னணியில் நின்றார்கள். 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்தை எடுத்தவர்களும் அவர்களே. காமிராக் கலைஞனும் லைட்டுத் தூக்குபவனும் ஒரே கொடியின் கீழ் நிற்க முடியும் என்று காட்டினார்கள்.

அந்தப் பாரம்பரியம் நமக்கு இருந்தும், இந்தப் பிள்ளைகளிடம் நாம் போனோமா? போகவில்லை. மெப்ஸ் வாசலுக்குப் போனோம், சரி. ஒரகடம் போனோம், சரி. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுபவள் தொழிலாளி அல்ல என்று முதலாளியைப் போலவே நாமும் நினைத்துவிட்டோம். ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டு என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்தியது. அதன் பிறகு அவர்களிடையே சங்கங்கள் வேலை செய்கின்றன. விளம்பரம், டிசைன், வீடியோ வேலை செய்பவர்கள் பக்கம் நாம் இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியபோது தோழரின் மகள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "போன மாநாட்டுக்கு நான் ஏழு போஸ்டர் வரைஞ்சேனே, மாமா. அதுக்கு என்ன கொடுத்தீங்க?"

ஒரு டீயும் இரண்டு வடையும் கொடுத்தோம். கட்சி லாபம் சம்பாதிக்கவில்லை, நானே அலவன்ஸில்தான் இருக்கிறேன் என்று பதில் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஒருவன் தன் கொள்கைக்காகத் தானே விரும்பிக் கொடுக்கும் உழைப்பும், இன்னொருவன் லாபத்துக்காகப் பிடுங்கும் உழைப்பும் ஒன்றல்ல. ஆனால் நாங்கள் அவளிடம் "விருப்பமா?" என்றுகூடக் கேட்கவில்லை. தோழர் மகள்தானே என்று சொல்லிவிட்டோம். அச்சடித்தவனுக்குப் பில் கொடுத்தோம், பந்தல்காரனுக்குக் கொடுத்தோம், பசை வாளிக்குக்கூடக் கணக்கு எழுதினோம். வரைந்தவளுக்கு நன்றிகூட எழுதவில்லை. அடுத்த கமிட்டியில் இதை நான் எழுப்பப் போகிறேன். பெயிண்டு, பேப்பர், பஸ் செலவு, செய்தவருக்கு ஒரு தொகை என்று வரவு செலவில் ஒரு வரி இருக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்பவன் முதலில் தன் வீட்டைக் கூட்ட வேண்டும்.

வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்தத் துறைக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள்! நம் வீட்டுப் பிள்ளைகள் போகாவிட்டால் நம் பாஷையை யார் எழுதுவது? ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

'டெஸ்ட்' கேட்டால் விற்பனைக்கு வராத ஒரு கற்பனைப் பொருளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உண்மையான கடைக்கு உண்மையான விளம்பரம் கேட்டால், அது டெஸ்ட் அல்ல, வேலை. கூலி கேளுங்கள்.

1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பள வேலையில் இருக்கும்போது எழுதினால்தான், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை முதலாளிக்குப் போகும் என்கிறது 17-ஆம் பிரிவு. வேலையில் சேராதவன் எழுதிய வாசகம் எழுதியவனுடையது. கையெழுத்திட்ட எழுத்து மூலம் இல்லாமல் அது கைமாறாது என்கிறது 19-ஆம் பிரிவு. ஆகவே எதை அனுப்பினாலும் தேதியோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

'இன்டர்ன்' ஆகச் சேர்ந்தால் எத்தனை மாதம், எத்தனை மணி, எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நாளை லேபர் ஆபீசில் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக நிற்காதீர்கள். ஒருத்தி கூலி கேட்டால் 'திமிர்' என்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் 'பேச்சு வார்த்தை' என்பார்கள்.

நமது கோரிக்கைகள் இவை: பதிவு செய்யாத, உதவித்தொகை இல்லாத பயிற்சியைத் தமிழ்நாடு சர்க்கார் தடை செய்ய வேண்டும். விளம்பரம், டிசைன், வீடியோத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும். காலேஜ்கள், கூலியில்லாத கம்பெனிக்குத் தங்கள் மாணவர்களை அனுப்பக்கூடாது. சர்க்கார் விளம்பரம் பெறும் எந்த ஏஜென்சியும் கூலியில்லா வேலை வாங்கக்கூடாது என்று டெண்டரில் ஷரத்துப் போட வேண்டும். சர்க்கார் பணம் பெறுபவனைச் சர்க்கார் கேட்கலாம் அல்லவா?

1912 வாக்கில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. உழைப்பே பெயர் வைத்த ஊரில் நின்றுகொண்டு, உழைப்புக்குக் கூலி கேட்காதே என்று ஒரு கனவான் உபதேசம் செய்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். முடிச்சூர்த் தாயார் பஸ்ஸுக்கு நின்றார். அவர் கேட்ட வாடகைக் கேள்வி இன்னும் அந்த மண்டபத்தில் நிற்கிறது.

அதற்குச் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். வேலை உண்டா, கூலி உண்டு! கூலி இல்லையா, வேலை இல்லை!